ஹீட்டரில் குளிர்ந்த காற்று

— ஆக்சிலேட்டரை லேசா மிதி... லேசான்னு சொன்னேன்.

— லேசாத்தாங்க மிதிக்கிறேன். வண்டிதான் கத்துது.

— ஹீட்டரை முழுசா திருப்பி வச்சிருக்கியா?

— வச்சாச்சு. சூடே வரல. சும்மா காத்துதான் வருது.

— வியாழக்கிழமையும் இப்படித்தான் வந்துது. அதான் அடையாளம். தண்ணி ஓடற குழாய்ல காத்து மாட்டியிருக்கு. எஞ்சின் சூடாகச் சூடாக, இந்த ரேடியேட்டர் வாய் வழியா அது குமிழி குமிழியா வெளிய வந்துடும்.

— உள்ள எப்படிப் போச்சு?

— திங்கக்கிழமை ஹோஸ் வெடிச்சு தண்ணி பூரா கொட்டிடுச்சு. புதுசு மாட்டினவன் காத்தை எடுக்காமலே மூடிட்டான்.

— எங்க வெடிச்சுது?

— ரேடியேட்டருக்கு மேல, அந்த வளைவுல...

— எந்தத் தெருவுலன்னு கேட்டேன்.

— ...ஆபீஸ் பக்கம்.

— ம்.

— சூடு காட்டற ஊசியைப் பாரு. பாதியைத் தாண்டினா உடனே அணைச்சிடு.

— பாத்துட்டுத்தான் இருக்கேன். ஊசியையும், அதுக்குக் கீழ கிலோமீட்டரையும். ஆபீஸ் ஆறு கிலோமீட்டர்தானே?

— ஆமா.

— போன வாரம் மட்டும் இருநூறு ஓடியிருக்கு.

— நீ எப்பருந்து கணக்குப் பாக்கறே?

— பக்கத்து சீட்டை யாரோ படுக்கை மாதிரி சாய்ச்சு வச்சிருந்ததைப் பாத்ததுலருந்து.

— ...இங்க பாரு, குமிழி வருது. தண்ணி இறங்குது. இரு, கொஞ்சம் ஊத்தறேன்.

— பேச்சை மாத்தாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஹீட்டர்ல சூடு வரலன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— இதென்ன கேள்வி?

— ராத்திரி ஃபேனைப் போட்டும் நமக்குப் புழுக்கம் தாங்கல. இந்த வெயில்ல ஹீட்டர் போட்டது யாருக்காக?

— இரு, இன்னும் கொஞ்சம் ஊத்தணும்.

— தண்ணி வெளிய சிந்துது.

— புனல் சரியா நிக்கல.

— புனல் நல்லாத்தான் நிக்குது. நீங்கதான் பாத்து ஊத்தல. யாருங்க அவ?

— அவளா? உனக்கென்ன கிறுக்கா? நீ மட்டும் என்னவாம்... ஆறு மாசமா சனிக்கிழமை ஆனா தையல் வகுப்பு. என் சட்டையில ஒரு பட்டன் தைச்சு நான் பாத்ததில்ல.

— மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க.

— கொஞ்சம் மிதி. குழாயை அமுக்கி விடறேன்... ஆங். பெரிசா ஒண்ணு வந்துடுச்சு.

— இப்ப சூடா வருது. மூஞ்சில அடிக்குது.

— அப்படியே விடு. ரேடியேட்டர் ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் நிறுத்திக்கலாம்.

— எவ்வளவு சூடு வந்தாலும் நான் இறங்கப் போறதில்ல. யாருன்னு சொல்லிட்டு மூடியைப் போடுங்க.

— ...அண்ணன்.

— எந்த அண்ணன்?

— எனக்கு எத்தனை அண்ணன் இருக்கான்?

— செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டேன்னீங்க. பதினோரு வருஷம். நானும் மிதிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினீங்க.

— வாங்கினேன். வீட்டைப் பங்கு போட்ட ஆத்திரம். இப்ப அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரில ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். நாலு மணி நேரம் படுத்துட்டு வெளிய வந்தா, உடம்பு வெடவெடன்னு ஆடும். உக்காரக்கூட முடியாது. அதான் சீட்டைச் சாய்ச்சேன், ஹீட்டரைப் போட்டேன். வியாழக்கிழமை பாரு... அது குளிர்ந்த காத்தா அடிக்குது. அவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பரவால்லடா, ஓட்டு"ங்கிறான். அந்த டா-வைக் கேட்டு எவ்வளவு வருஷமாச்சு.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— சத்தியம் வாங்கினவனே மீறிட்டு, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?

— ...ஊசி பாதியில நிக்குது. ஏறல.

— நல்லது. ஆனா ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. திங்களும் வியாழனும் நான் கூட்டிட்டுப் போறேன். சனிக்கிழமை மட்டும் நீ வேண்டாம்டாங்கிறான். யாரோ ஆட்டோவுல கூட வர்றாங்களாம். யாருன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். தனியா கிடக்கறவன்... வீட்டை எழுதி வாங்கத்தான் யாரோ ஒட்டிக்கிட்டாங்களோன்னு சந்தேகம்.

— அப்படியெல்லாம் இருக்காது.

— உனக்கு எப்படித் தெரியும்?

— ஃபேன் சுத்துது. அணைச்சிடட்டுமா?

— அணை. குமிழியும் நின்னுடுச்சு... உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்.

— சனிக்கிழமை கூடப் போறது நான்தாங்க. திங்களும் வியாழனும் யார் வர்றாங்கன்னு நான் கேட்டப்பவும் அவர் வாயைத் திறக்கல.