வாய்க்கால் மண்ணில் ஐந்து முகங்கள்

ஓடுகிறேன். பின்னால் வெடி. ஒன்று. சற்று விட்டு இன்னொன்று. 1992, தை மாசம், விளக்கு வைக்கிற நேரம். அம்பாசமுத்திரத்தில் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள வயல் இது. என் கண்ணுக்கு இலங்கை.

"ஏலே, நில்லுலே! கல்யாண வீட்டு வேட்டுலே அது!" அண்ணன் கத்திக்கொண்டு வருகிறான். காதுக்குக் கேட்கிறது. கால் கேட்கவில்லை. வாய்க்கால் கரையில் குப்புற விழுந்தேன்.

கையில் களிமண். பிசைந்தேன். ஏனென்று தெரியாது. நெற்றி வந்தது. மூக்கு வந்தது. பொன்னுசாமி. இலங்கைக்குப் போன அமைதிப்படையில் என்னோடு இருந்தவன். கண்ணிவெடியில் எங்கள் வண்டி சிதறியபோது என் மடியில் உயிரை விட்டவன். ஊர் திரும்பிய பிறகு அன்று ராத்திரிதான் விடியும்வரை தூங்கினேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரையில் நாக்குத்தான் தடித்தது. மண்தான் என்னைத் தூங்க வைத்தது. அந்த வண்டியில் செத்த ஐந்து பேரின் தலையையும் செய்து முடித்தேன். பொன்னுசாமியை நடுவில் வைத்தேன். புறவாசல் நிழலில் காய்ந்தார்கள். விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். இருப்பார்கள். அன்றைக்கு ஓட மாட்டேன். தெருவில் பைத்தியம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களா என்னோடு முழித்துக் கிடந்தார்கள்?

பங்குனி உத்திரம் வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று அவரவர் குலதெய்வமான சாஸ்தா கோயிலுக்குப் போவோம். நோய் தீர மண் உருவம் வைப்பதும் வழக்கம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி கோமதி ஐந்து தலைகளையும் ஓலைப்பெட்டியில் அடுக்கி, மணிமுத்தாறு பக்கம் எங்கள் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். என் நோய்தான் தலை தலையாக வெளியே வருகிறது என்று நினைத்திருக்கிறாள். மத்தியானம் திரும்பினாள். விரதம், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

"ஒங்க நோவையெல்லாம் சாஸ்தா காலடியில எறக்கி வச்சிட்டேன். இனி நீங்க ஓட வேண்டாம்."

மண்பாண்டம் செய்கிற வேளார் கொடுக்கும் உருவம் சூளையில் வெந்தது. என்னுடையது பச்சை மண், மழை பட்டால் கரைந்துவிடும். அவளுக்கு அது தோன்றவில்லை. மலைமேல் இடி உருண்டது. மறுபடி ஓடுகிறேன், மழைக்கு முன்னால் போய்ச் சேர. பஸ் ஏறினேன். கல்லிடைக்குறிச்சி தாண்டும்போதே ஜன்னலில் சாரல் அடித்தது.

கோயில் வெளியில், உருவம் வைக்கிற இடத்தில், கலங்கல் தண்ணீர் ஓடுகிறது. கைவிட்டுத் துழாவினேன். ஒரு காது கிடைத்தது. யாருடையது என்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோமதியைத் திட்டவும் வாய் வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தானே போனாள்.

திரும்ப மண் எடுத்தேன். நாலு பேர் வந்தார்கள். பொன்னுசாமி வரவில்லை. மூக்கு அமைந்தால் வாய் வேறு யாருடையதோ ஆகிறது. அழித்து அழித்துச் செய்கிறேன்.

வண்டியில் செத்தவர்கள் ஐந்து பேர். மழையில் போனவை ஐந்து முகம். திரும்பக் கிடைத்தவை நாலு. என் மடியில் செத்தவனின் முகம் எனக்கு மறந்துவிட்டது.