சிவன் கண் கூடை

“யாரு கேட்டாலும் இந்தக் கூடைய நான்தான் பின்னுனேன்னு சொல்லணும், கேட்டியா?”

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் அக்காவும் தங்கையும். தங்கையைக் கோயிலில் வைத்துப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. அவள் மடியில் பச்சையும் மஞ்சளுமாக, சிவன் கண் பின்னல் போட்ட புது வயர்கூடை.

“மாப்பிள்ளையோட அம்மைக்குக் கூடைன்னா உசிராம். மூலை எப்படித் திருப்புனன்னு கேப்பாவ. சொல்லு பாப்போம்.”

“அடி போட்டு முடிச்சு... வயர மடக்கி...”

“எங்கன மடக்குவ? ஏட்டி, மேலகரம் தாண்டியாச்சு. முழிக்காத!”

“எனக்கு வரலக்கா. அந்த அம்மைக்கே பின்னத் தெரியாதாம். நேத்து மாப்பிள்ளை போன்ல சொன்னாரு.”

“வீடு பூரா கூடையாக் கெடக்குன்னு தரகர் சொன்னாரே. அப்ப யாரு பின்னுனா?”

“மூத்த மருமவ. சமையல் முடிஞ்சு அடுப்ப அணைச்சதும் வயர எடுத்துக் கையில குடுத்துருவாவளாம். பின்னுனதெல்லாம் கடைக்கு விக்கப் போயிருமாம். இப்ப அவ தனிக்குடித்தனம் போயிட்டா.”

அக்கா, தங்கை மடியிலிருந்த கூடையை வெடுக்கென்று எடுத்து சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

“கேட்டாவன்னா, பின்னத் தெரியாதுன்னு சொல்லு. சமைக்கவும் தெரியாதுன்னு சொல்லு.”