ரயிலில் ஆன போணி

வேரில் ஈரமண் ஒட்டிய முளைக்கீரையின் வாசம் எங்கே வந்தாலும், மீஞ்சூரிலிருந்து வந்த அந்தக் காலை ரயில் எனக்குள் ஓடத் தொடங்கிவிடும். எதிரே கீரைக்கட்டுகளோடு ஒருத்தி. எண்ணூரில் காலி மீன்கூடையோடு ஏறியவள் அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

“மார்க்கெட்ல எவனாச்சும் மொதல்ல எங்கிட்ட வந்தா, கீரை இல்லன்னு சொல்லிடுவேன்க்கா,” என்றாள் கீரைக்காரி.

“இன்னாத்துக்குடி?”

“அவரு போயி ஆறு மாசம்தான் ஆவுது. எங்கையால போணின்னா மூஞ்சி சுளிப்பாங்க.”

“மழை விட்டதும் இத்த யாரு வெதச்சது?”

“நான்தான்.”

“மொளச்சிதா இல்லியா?”

“மொளச்சிதுக்கா.”

“மண்ணே உன் கைய ஒண்ணும் கேக்கல. மார்க்கெட்டு கேக்கப்போவுதா? குடு ஒரு கட்டு.”

வாங்கிய இருபது ரூபாயைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட கீரைக்காரி, வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

திருவொற்றியூரில் இறங்க எழுந்தவளின் தலையில் கீரை மூட்டையைத் தூக்கிவிட்டபடி மீன்காரி சொன்னாள்: “போணி ஆயிடுச்சி, தெகிரியமா போ. நாளிக்கும் மொத கட்டு எனுக்குதான்.”

“தெனம் கீரைன்னா உன் வூட்ல மாமா கத்துவாருக்கா.”

“மீனா துன்னு கொழுத்துகினு கீறான். துன்னட்டும் போ!”