திருகாணி மேல் நீலத் துளி

மேடையில் அமர்ந்திருக்கும் இசைக்கருவி வினைஞர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, துயரத்தைத் தாங்கிக்கொண்டு முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணியார் அவர்களே, கருவி செய்வோரே, வாசிப்போரே, இரண்டும் தெரியாமல் அண்ணன் மீது கொண்ட அன்புக்காக மட்டுமே வந்திருக்கும் அக்கம்பக்கத்தாரே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எதிர்த்தெருப் பட்டறைக்காரருக்கும் வணக்கம். நீங்கள் துக்கம் கேட்க வந்தீர்களா, அண்ணனின் கருவிகளை இனி யார் பழுது பார்ப்பார்கள் என்று விசாரிக்க வந்தீர்களா, எனக்குத் தெரியாது. எதற்கும் ஒரு வணக்கம்.

சிரிக்கிறீர்கள். என்னை முதுகுக்குப் பின்னால் 'உளவுத்துறை' என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். அந்தப் பெயரை வைத்ததே அண்ணன்தான் என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

மறைந்த கருவிச் சிற்பி ரீங்காரம் அவர்கள்! ஈயம் பற்றவைக்கும்போது மூக்கால் ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். அந்த முனகல்தான் அவருக்குப் பெயராகிவிட்டது. பழைய தட்டச்சுப் பொறியின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தகர டப்பாவை மாட்டி அதைத் தாளக்கருவி ஆக்கியவர் யார்? கையின் நிழல் விழுந்தால் குரல் ஏறும், விலகினால் இறங்கும் என்று ஒரு மின்பெட்டியைச் செய்து, தொடாமலே வாசிக்கலாம் என்று காட்டியவர் யார்? வலது கையில் மூன்றே விரல் உள்ள ஒருவருக்காக விசைப்பலகையை முழுதாகப் பிரித்து, அந்த மூன்று விரலுக்கு எட்டும்படி மாற்றிக் கொடுத்தவர் யார்? எங்கள் ரீங்காரம் அண்ணன்! அந்த மனிதரும் இன்று இங்கே வந்திருக்கிறார்.

அண்ணனும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே மேசையின் இரண்டு பக்கங்களில் உட்கார்ந்து வேலை செய்தோம். அவர் கருவிகள் அவருடையவை, என் கருவிகள் என்னுடையவை. இரண்டுக்கும் கடைசியில் சுருதி சேர்ப்பது மட்டும் நான். மேசையின் நடுவில் ஒரு மரச்சட்டத்தை ஆணியடித்து வைத்திருந்தோம். என் திருப்புளி உருண்டு அந்தப் பக்கம் போனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அவ்வளவு நம்பிக்கை!

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கருவியை முடித்து மூடியதும், கடைசித் திருகாணியின் தலையில் நகப்பூச்சு ஒரு துளி வைப்போம். வேறு யாராவது திறந்தால் அந்தத் துளி விரிசல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். அண்ணனுடைய துளி சிவப்பு, என்னுடையது நீலம். அண்ணியார்கூட ஒருமுறை சொன்னார்: "எனக்கு ஒரு நாளாவது நகப்பூச்சு வாங்கிக் குடுத்திருப்பாரா மனுஷன்? எல்லாம் திருகாணிக்குத்தான்!"

துளியோடு அண்ணன் நிற்கவில்லை. உள்ளே இருக்கும் சில்லுகளின், அதாவது 'சிப்'புகளின் மேல் அச்சிட்ட எண்களை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிடுவார். எண் தெரியாவிட்டால் எந்தச் சில்லு என்று தெரியாது. யாராலும் நகலெடுக்க முடியாது. யாரிடமிருந்து மறைத்தார்? வாங்கிப் போகிறவர் அந்தச் சில்லைப் பார்த்து என்ன செய்யப் போகிறார்? அந்த அறையில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் அவர். அப்படியென்றால் மறைத்தது யாரிடமிருந்து?

ஆகவே, பெரியோர்களே, இன்று சொல்லிவிடுகிறேன். மதியம் அவர் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில் நான் அவருடைய பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டு அல்ல, பதினோரு பெட்டிகள்! பார்த்துவிட்டு மூடி, நானே வாங்கி ஒளித்து வைத்திருந்த சிவப்புப் பூச்சில் ஒரு துளி வைத்துவிடுவேன். அண்ணியார் நிமிர்ந்து பார்க்கிறார். மன்னித்துவிடுங்கள் அண்ணி.

ஒரு நாள் அண்ணன் ஒரு பெட்டியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இந்தச் சிவப்பு கொஞ்சம் வெளுத்தாப்ல இருக்கே?"

"வெயில்ல வெளுத்திருக்கும்ணே."

"பெட்டி பீரோவுக்குள்ளதானே இருந்துச்சு?"

நான் குனிந்து கீழே எதையோ தேடுவதுபோல் தேடினேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. முனகிக்கொண்டே வேலைக்குத் திரும்பிவிட்டார். தெரிந்துகொண்டு கேட்டாரா? தெரியாமல் கேட்டாரா? அந்த முனகலுக்கு அர்த்தம் தேடியே எனக்கு ஆறு மாதம் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியார் அவருடைய இழுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். திறந்தேன். மின்சுற்று வரைபடங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு நகப்பூச்சுப் புட்டி. நீல நிறம், என்னுடைய அதே நீலம். முக்கால் புட்டி காலியாகியிருந்தது!

அண்ணன் நீலம் வைத்து நான் பார்த்ததே இல்லை. அப்படியென்றால் அந்த முக்கால் புட்டி எங்கே போயிற்று? என் பெட்டிகளின் மேல்! உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் துக்கம் வரவில்லை. மகிழ்ச்சி வந்தது. மாட்டிக்கொண்டாரா! ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் நான் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விடுவேன். அந்த நேரத்தில்தான் கைவரிசையைக் காட்டியிருக்கிறார். என்ன திருடினார் என்று பார்த்துவிட வேண்டும் என்று, மறுநாளே நான் செய்த நான்கு கருவிகளை வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்ப வாங்கி வந்து பிரித்தேன்.

முதல் பெட்டியில், சூடாகும் இடத்தை ஒட்டி நான் விட்டிருந்த கம்பி விலகிப் போயிருந்தது. அதை வெள்ளை நூலால் கட்டியிருந்தது. நான் நூல் கட்டுவதில்லை, அண்ணன்தான் கட்டுவார். இரண்டாவதில், நான் வைத்த ஈயப் பற்றுகள் நான்கைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கடுகளவில் பளபளவென்று புதிதாக வைத்திருந்தது. மூன்றாவதில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

நான்காவது, பள்ளிக்கூடத்துக்குச் செய்து கொடுத்த மணிவரிசை. இருபத்துநான்கு சைக்கிள் மணிகள், ஓர் இரும்புச் சட்டம். பொத்தானை அழுத்தினால் சின்னச் சுத்தியல் துள்ளி மணியைத் தட்டும். சுவர் மின்சாரத்தில் ஓடுவது. அதன் அடிப்பலகையைக் கழற்றினேன். சட்டத்திலிருந்து ஒரு பச்சைக் கம்பி போயிற்று. எர்த் கம்பி. மேசையில் என் பக்கத்தில் பச்சைக் கம்பிச் சுருளே கிடையாது, பெரியோர்களே! அந்தக் கம்பியை நான் கொடுக்கவில்லை. மறந்திருக்கிறேன். மின்சாரம் கசிந்தால் சட்டத்தைத் தொடும் பிள்ளையின் கதி என்ன? ஏழு ஆண்டுகளாக எத்தனை பிள்ளைகள் தொட்டிருப்பார்கள்? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் அவர்கள் பேசும்போது, எங்கள் பட்டறையிலிருந்து போன எந்தக் கருவியும் பழுதென்று திரும்பியதில்லை, இருவருடைய கைகளும் பழுதறியாக் கைகள் என்றார். தலைவர் அவர்களே, திருத்திக்கொள்ளுங்கள். பழுதறியாக் கைகள் இரண்டுதான் இருந்தன. அவை போய்விட்டன.

ஏன் என்னிடம் சொல்லவில்லை? என்னை மனசுக்குள் வைத்துச் சிரித்தாரா? என்றாவது ஒரு நாள் எடுத்துக் காட்டலாம் என்று காத்திருந்தாரா? அண்ணியாரிடம் நேராகவே கேட்டேன்.

"சொன்னா நீங்க ரோஷப்பட்டுக் கிளம்பிடுவீங்களாம். 'அவன் காது மாதிரி இன்னொரு காது எனக்கு எங்கடி கிடைக்கும்'னு சொல்லுவார்" என்றார்.

போனவர் சொன்னதாகச் சொல்லப்படும் புகழ்ச்சியை நான் முழுதாக நம்புகிறவன் அல்ல. அண்ணி ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கலாம். அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள், என் புத்தி அப்படி. சில்லுகளின் எண்களை எதற்காகத் தேய்த்தார் என்பதும் எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் ஒன்று. அண்ணே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் கத்தியிருப்பேன், மூன்று நாள் பட்டறைப் பக்கம் வராமல் இருந்திருப்பேன். நான்காம் நாள் வந்திருப்பேனே! எங்கே போகப் போகிறேன்?

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும், அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்றார்கள். எந்தப் பணியை? நிழல்பெட்டியையா? தட்டச்சுத் தாளத்தையா? அவற்றைச் செய்யத் திறமைசாலிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். யாருக்கும் தெரியாமல் அவர் செய்த பணி ஒன்று உண்டு. பத்தொன்பது ஆண்டுகள் அவர் என் கையைச் சந்தேகப்பட்டார். செவ்வாய் தவறாமல் சந்தேகப்பட்டார். அந்தப் பணியை நான் தொடர்வேன் என்று இந்த அவையின் முன் உறுதி கூறுகிறேன். என் நீலத் துளி உள்ள கருவி யாரிடம் இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றையும் திறப்பேன். அவர் கை பட்ட இடத்தை உங்கள் கண்ணெதிரே காட்டிவிட்டு மூடுவேன்.

நாடகக் குழுவின் வாத்தியக்கார அம்மா இந்தக் கூட்டத்தில்தான் எங்கோ இருக்கிறார். அம்மா, கையைத் தூக்குங்கள். ஆம். உங்களுக்காகச் செய்த மிதிவீணையை நான் முந்தாநாள் மூடினேன். காலால் மிதித்தால் சக்கரம் சுற்றும், சக்கரம் உரசினால் கம்பி பாடும். சனிக்கிழமை மேடையில் உங்களுக்கு அது வேண்டும். நாளைக் காலை வந்து எடுத்துப் போவதாகச் சொன்னீர்கள்.

நாளை வராதீர்கள் அம்மா. என்னைத் தவிர வேறு ஒரு கையும் தொடாமல் எங்கள் பட்டறையிலிருந்து வெளியே போகப் போகும் முதல் கருவி அது. அதில் ஏதோ ஒரு தப்பு இருக்கிறது. எங்கே என்று இன்னும் தெரியவில்லை. கண்டுபிடித்ததும் சொல்லியனுப்புகிறேன்.