ஏழாவது டப்பா

நான் ஒளித்து வைக்கும் டப்பாவுக்குள் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இறங்காது, ஐயா. உள்ளே சின்ன நோட்டு, ஒரு பென்சில். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவேன். ஜி.பி.எஸ். பார்த்துத் தேடி வருகிறவர்கள் நோட்டில் பெயரெழுதிவிட்டு டப்பாவை அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். இதற்காகவே வீட்டில் எனக்கு டப்பாக்காரர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவள் என் மகள்.

ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய செங்கல் கால்வாய் பூமிக்கடியில் போகிறது. மேலே இப்போது நடைபாதை. அதன் ஓரமாகப் பதினொரு டப்பாக்கள் வைத்திருந்தேன். ஏழாவது, கால்வாய்க்குக் காற்றுப் போக மேலிருந்து தோண்டிய ஒரு காற்றுக்கிணற்றின் பக்கத்தில். அங்கேதான் மகள் போனாள். ஒன்பது வயது. கூட்டிப்போனவன் என் மைத்துனன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கிணற்றின் உளுத்த மரமூடியில் கால் வைத்து உள்ளே விழுந்துவிட்டாள்.

விபத்து என்றார்கள். மனைவி தம்பியை மன்னித்துவிட்டாள். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் தலை நிமிராமல் சாப்பிடுவான். மகளின் தட்டு அலமாரியில் கவிழ்ந்தே கிடக்கும். 

போன வாரம் அவனிடம், "பாப்பா பேர்ல ஒரு டப்பா வச்சிருக்கேன். மொதப் பேரு உன்னோடதா இருக்கட்டும்" என்றேன்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா அத்தான்?" என்று அழுதான்.

அடுத்த கிணற்றுக்குள், நான்காவது இரும்புப்படியில் டப்பாவைக் கட்டியிருந்தேன். மூன்றாவது படியின் ஆணிகளைத் தளர்த்தியிருந்தேன். விழுந்த பிறகும் பேசினான். "காலு ஒடிஞ்சிருச்சு அத்தான். கயிறு ஏதாவது போடுங்க."

மூடியைப் போட்டுவிட்டு, பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த டப்பாவின் இணையப் பக்கத்தை மூடினேன். 'பழுதுபார்ப்பு நடக்கிறது, யாரும் தேட வேண்டாம்.' அப்படி எழுதியிருந்தால் எங்கள் ஆட்கள் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அடுத்த மூன்று நாளும் யாரும் வரவில்லை.

நீங்கள் அச்செடுத்து ஸ்டேஷன் மேசையில் வைத்திருக்கும் தாளையும் பார்த்தேன். ஏழாவது டப்பாவின் இணையப் பக்கம். மகள் போவதற்கு மூன்று வாரம் முன்பு மைத்துனன் எழுதியது: 'அத்தான், கிணத்து மூடி உளுத்துக் கெடக்கு. மாத்துற வரைக்கும் பக்கத்தை மூடி வைங்க.' அதன் கீழே என் பதில்: 'மாத்தியாச்சு. தைரியமா வாங்க.'

மறு ஞாயிறு போய் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். வேலை வந்துவிட்டது. இருந்தாலும், பிள்ளையைக் கூட்டிப்போனவன்தானே ஐயா கையைப் பிடித்திருக்க வேண்டும்.