ஈரத்தில் பிடிக்குமா

கயிறு வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு இருக்கிறதா, நீலம் இருக்கிறதா என்று கேட்பார்கள். தொங்கப்போவது அவர்கள் உயிர். கேட்பதோ சட்டைத்துணி எடுக்கப் போனால் கேட்கிற கேள்வி. நானும் சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவேன். அந்த நாற்காலி வேண்டாம் மேடம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

என் தம்பி எப்படி விழுந்தான் என்று கேட்க ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறீர்கள். அவன் மனைவி உங்களிடம் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. ஆனால் அவளுக்குச் சாமான் தெரியாது, எனக்குத் தெரியும். அதனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு, இந்த நிலையில் அவனை என்னிடமிருந்து பிரித்து அவள் ஊருக்குக் கொண்டுபோவது நியாயமா என்று நீங்களே சொல்லுங்கள்.

மரம் ஏறுகிறவனுக்குக் கயிற்றைவிட முக்கியம் இது. கையில் வாங்கிப் பாருங்கள். கடையில் இதைப் 'பிடி' என்றுதான் சொல்வோம். உள்ளே பல்வைத்த ஒரு நாக்கு இருக்கிறதா? மேலே தள்ளினால் கயிற்றோடு வழுக்கிப் போகும். உடம்புப் பாரம் கீழே இழுத்தால் பல் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். அப்போது டக் என்று ஒரு சத்தம் வரும். எவ்வளவு தடிமனான கயிற்றுக்கு இது பொருந்தும் என்று பக்கத்தில் பொடி எழுத்தில் பொறித்திருப்பார்கள். கயிறு அதற்கு மெலிந்திருந்தால் பல் முழுதாகப் பதியாது. காய்ந்திருக்கும்வரை பிடிக்கும். நனைந்தால் பிடிக்காது.

அதற்குத் துணையாக ஒரு சுருக்கு உண்டு. மெல்லிய கயிற்றை வளையமாக்கி, ஏறுகிற கயிற்றைச் சுற்றி நாலைந்து சுற்று சுற்றி, இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வது. பிடி வழுக்கினால் சுருக்கு இறுகி ஆளை நிறுத்திவிடும். இது மெல்லியதாக இருந்தால்தான் இறுகும். இரண்டும் ஒரே தடிமனாக இருந்தால் பார்க்க எடுப்பாக இருக்கும், வேலைக்கு ஆகாது. ஒன்று கைவிட்டால் இன்னொன்று பிடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் தெரிந்துகொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

அம்மா போனபோது தம்பி செருப்பைக் கால் மாற்றிப் போடுகிற வயசு. வளர்த்தது நான். முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் அவன் என்று என் காலம் போனது. கல்யாணம் வேண்டாம் என்று நானாகத்தான் இருந்துவிட்டேன், அதற்கு யாரையும் குறை சொல்லவில்லை. தெருவோர மரங்கள், ஒயரில் சாயும் கிளைகள் என்று அவன் வெட்டப் போனபோதும் தடுக்கவில்லை. ஹெல்மெட்டிலிருந்து பூட்ஸ் வரை அவன் போட்டதெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தது. அந்தப் பொடி எழுத்தை அவன் ஒருநாளும் படித்ததில்லை. "எங்க அக்கா குடுத்தா கண்ண மூடிட்டு மாட்டிக்கலாம்டா" என்று கூட்டாளிகளிடம் சொல்வான். எனக்குப் பெருமை தாங்காது.

பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் நான்தான். நல்ல பெண். அதிர்ந்து பேச மாட்டாள். அவனோடு வேலைக்கும் போய்க் கீழே நின்று கயிறு பார்த்துக்கொள்வாள். ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொன்னான்.

"அக்கா, அவ ஊருல பெரிய பூங்கா ஒண்ணுல வேல வந்திருக்கு. நிரந்தர வேல. அங்கயே குடி போயிடலாம்னு பாக்குறோம்."

"நான்?"

"உனக்கென்னக்கா, கடை இருக்கு. நாங்க அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறோம்."

"அண்ணி, நீங்களும் எங்க கூடவே வந்துடுங்க" என்றாள் அவள். மரியாதைக்குச் சொன்னாள். மரியாதைக்குச் சொல்வது எனக்குத் தெரியாதா? தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். வயிறு எரிந்தது மேடம். நான் வளர்த்தவன் என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்து, டீ குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போவான். நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஆனால் ஆத்திரத்தில் எதுவும் செய்யவில்லை. போகும்போது புதுச் சாமான் எடுத்துக் கொடு என்று அவனே கேட்டான். முதல் தரமாகத்தான் எடுத்தேன், எல்லாம் உறை பிரிக்காதது. கயிறு மெல்லியது, தூக்க லேசாக இருக்கும். பிடி, தடித்த கயிற்றுக்கானது. உங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, பாவம், அக்கா தெரியாமல் அளவு மாற்றி எடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் அளவு மாற்றி எடுக்கிறவள் அல்ல. இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்கும் அப்படிக் கொடுத்ததில்லை. அதோடு நான் கொடுத்த நீலச் சுருக்கையும் எடுத்து, ஏறுகயிற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே தடிமன். அது தற்செயல் இல்லை.

கொடுப்பதற்கு முன் நானே தொங்கியும் பார்த்தேன், அதோ அந்த உத்தரத்துக் கொக்கியில். காய்ந்த கயிற்றில் பிடித்தது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொங்கினேன். சர்ரென்று வழுக்கி வந்து தரையில் உட்கார்ந்தேன். இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு, வேறொன்றும் இல்லை. அவனுக்கும் அவ்வளவுதான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். கால் பிசகும், அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும், நான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பேன். மழை எப்போது வரும் என்பது என் கையில் இல்லையே.

அவர்கள் குடி போவதற்கு முன்பே, அன்றைக்கு மரத்தடியிலிருந்து போன் செய்தான். பேச்சு அவன் மனைவிக்கும் கேட்டிருக்கிறது.

"அக்கா, இங்க தூறுது. இந்தப் புதுப் பிடி ஈரத்துல புடிக்குமா? பெரிய மரம்க்கா, மூணு மாடி இருக்கும். இல்லன்னா நாளைக்கு வெச்சுக்கட்டுமா?"

புது வேலை எனக்குப் பிடிக்குமா என்று அவன் கேட்டதாக நினைத்துப் பதில் சொன்னேன் என்று போன தடவை உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அது பொய். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"புடிக்கும். ஏறு" என்றேன்.

அவன் போனை வைக்கவில்லை, பைக்குள் அப்படியே போட்டுக்கொண்டான். நானும் வைக்கவில்லை. டக், டக் என்று ஏறுகிற சத்தம் கேட்டது. ஒழுங்காக, நிதானமாக ஏறினான், அப்படித்தான் பழக்கியிருந்தேன். அதற்குள் மழை நன்றாகப் பிடித்துக்கொண்டது, இலைகளில் அடிப்பது இங்கே கேட்டது. கூப்பிட்டு இறங்கச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. டக் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அது நின்றது.

இப்போது பின்னறையில் இருக்கிறான். பேச்சு இல்லை. கழுத்துக்குக் கீழே வலது கை மட்டும் அசையும். அரைத்து ஊட்டுவதும் துடைப்பதும் புரட்டிப் படுக்க வைப்பதும் நான்தான். அந்தக் கையால் கட்டிலின் கம்பியைத் தட்டுவான். டக். சற்று விட்டு, டக். கடைவரை இந்தச் சத்தம் கேட்கும், நான் அடுக்குகிறதை நிறுத்திவிட்டு நிற்பேன். அந்தக் கம்பியில் துணி சுற்றி வைத்தேன். அப்படியும் கேட்கிறது. அவன் தூங்கும்போதும் கேட்கிறது. நீங்கள் வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, கவனித்தீர்களா? இல்லையா? சரி.

என் மணிக்கட்டைப் பாருங்கள். ஊட்டப் போனால் இப்படிப் பிடித்துக்கொள்கிறான், கன்றிப்போகிற அளவுக்கு. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கிறது. அது நரம்பு இழுப்பது, அவனாகச் செய்வதில்லை என்று டாக்டர் சொல்கிறார். டாக்டருக்கு அவனை எத்தனை நாளாகத் தெரியும்?

எடுத்துக் கொடுத்ததும் நான், ஏறச் சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அவன் மனைவி தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறாள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவன் தூங்கிப் போகிறான், அலுப்புத் தட்டுகிறது போலிருக்கிறது. நான் அறைக்குள் இருக்கும்வரை அவன் கண்ணை மூடுவதே இல்லை மேடம், இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கு யாரைப் பிடிக்கும் என்று இதற்குமேல் நான் எடுத்துச் சொல்ல வேண்டுமா?