உரிமையாளர் உள்ளே இருக்கிறார்

விருந்தாளிக்கு இரண்டு தலையணை வைக்க வேண்டும் என்பது என் கொள்கை. ஒன்று மெத்தென்று, ஒன்று கெட்டியாக. இதைக்கூட யோசித்துச் செய்கிறவனைப் பற்றி வெளியே என்னென்னவோ பேசுகிறார்களாம். பேசட்டும் ஐயா, ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

எங்கள் குடும்பத்தில் எனக்குத் தண்டச்சோறு என்று பெயர். தொட்டது எதுவும் விளங்கியதில்லை. அத்தான் போன பிறகு, அக்காவின் வீட்டு மாடியை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். முன்பின் தெரியாத ஒருவர் தங்கிவிட்டுப் போய், இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ‘அருமையான மனிதர்’ என்று எழுதியிருந்தார். என்னைத்தான். படித்துவிட்டு அழுதேன்.

பிறகு அரசாங்கம் விதி போட்டது. இப்படிப்பட்ட வீடுகளைப் பதிவு செய்ய வேண்டும், உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவு ரத்து. நியாயமான விதி, நான் குறை சொல்ல மாட்டேன். அக்கா அங்கேயே குடியிருந்ததால் எனக்கு ஒரு கவலையும் இல்லை. அவள்தான் கெடுத்தாள்.

“மக கூடவே போய் இருக்கப் போறேன்டா. பேரனைப் போன்லயே எத்தனை நாள் கொஞ்சறது? நீ வேற ஏதாவது வேலை பாத்துக்கோ.”

“சரிக்கா,” என்றேன். அவளை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை. பாலில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்துப் பின்னறையில் படுக்க வைத்தேன். நல்ல கட்டில், புது மின்விசிறி. கழிப்பறை மட்டும் இல்லை. வாளி வைத்து நானே கழுவினேன். எந்தத் தம்பி செய்வான்? மகளிடம், அம்மா மனசு மாறிவிட்டாள், போனும் உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

பதிவைச் சரிபார்க்க அரசாங்க ஆய்வாளர் வந்த அன்று மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி, கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். காய்ச்சல் என்றேன்.

“நீங்க இங்கதான் இருக்கீங்களாம்மா?”

“இங்கதான்... போகவே முடியல.”

“சொந்த வீட்டை விட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்?” என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். தங்கமான மனிதர்.

அடுத்து வந்தவர்கள் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டார்கள். பின்பக்கம் யாரோ தட்டுகிறார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. கதவின்மீது மெத்தையை வைத்து ஆணி அடித்து, முன்னால் அலமாரியை நகர்த்தினேன். விருந்தாளிகள் வெளியே சுற்றப் போகும் நேரத்தில் மட்டும் அலமாரியைத் தள்ளிச் சாப்பாடும் தண்ணீரும் கொடுப்பேன். ஏற்பாடு கச்சிதமாகத்தான் நடந்தது.

அப்புறம் அந்தக் குடும்பம் வந்தது. விடாத மழை. அவர்கள் வாசற்படி இறங்கவே இல்லை. பிள்ளைகள் கீழே, அலமாரி இருந்த கூடத்திலேயே விளையாடினார்கள். கிளம்ப வேண்டிய அன்று அந்த அம்மா தயங்கிக்கொண்டே கேட்டார்.

“வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்துக்கலாமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அலமாரியில் காதை வைத்தால் தட்டுவது மெல்லக் கேட்டது. ஆனால் விருந்தாளி முகம் கோணலாமா?

“தாராளமா இருங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க,” என்றேன்.

பிறகு தட்டுவதும் கேட்கவில்லை. தூங்குகிறாள் என்று வைத்துக்கொண்டேன். மழை விட்டு அவர்கள் கிளம்பியதும், முதலில் அவர்கள் எழுதியதைத்தான் படித்தேன். ‘இப்படி ஓர் அமைதியான வீட்டைப் பார்த்ததில்லை.’ ஐந்து நட்சத்திரம். அதற்குப் பிறகே கதவைத் திறந்தேன்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா: என் அக்கா கடைசிவரை சொந்த வீட்டிலேயே இருந்தாள். எத்தனை பேருக்குக் கிடைக்கும் அந்தக் கொடுப்பினை?